ஏழுக்கு அடுத்தது அஞ்சு

எங்கள் குடும்பத்தில் மறதி யாருக்கு என்கிற வழக்கு, கரையான்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஊர்ச்சனம் முன்னால் தீர்ந்தது. வழக்குப் போட்டவன் நான். தோற்றவனும் நான். இதை நானே எழுதிவிடுவது நல்லது. என் மனைவி லதா சொல்கிற கதையில் நான் நாற்காலியிலிருந்து கீழே விழுகிறேன். நான் விழவில்லை. (சாய்ஞ்சேன். அவ்ளோதான்.)

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். இரும்புத் தகட்டை மெஷின் அடிக்கிற சத்தத்தில் மெதுவாகப் பேசினால் ஒருத்தனுக்கும் கேட்காது. அதனால் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கத்தித்தான் பேசுகிறேன். வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் சாப்பிடும்போது "உப்பு எடு" என்று லதாவிடம் சொன்னேன். கீழ் வீட்டுக்காரர் உப்பு டப்பாவோடு மேலே வந்து நின்றார். கிண்டல். எனக்குக் கோபக்காரன் என்று பெயர். கோபம் இல்லை, அவசரம் என்று நான் சொல்வேன். இதுவரை யாரும் நம்பியதில்லை.

அம்மா பாரிவாக்கத்தில் தனியாக இருக்கிறார். அப்பா போன பிறகும் அந்த வீட்டைவிட்டு நகரவில்லை. தம்பி மூர்த்தி ஓசூரில், தங்கை கலா திருத்தணியில். பக்கத்தில் இருக்கிறவன் நான் மட்டும்தான். என்னோடு வந்துவிடச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "மூணாவது மாடில குந்திகினு யாராண்ட சண்ட போடறது?" பாரிவாக்கத்தில் சண்டைக்குப் பக்கத்து வீட்டுப் பங்கஜம் அக்கா இருக்கிறார். இருவரும் காலையில் குப்பை வண்டி வரும்போது சண்டை போடுவார்கள், சாயங்காலம் ஒரே சொம்பில் மோர் குடிப்பார்கள்.

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டியது எப்படி என்று சொல்கிறேன். என்னைப் பார்த்ததும் "மூர்த்தி... கலா... டேய், உன்னத்தான்" என்று கூப்பிட்டார். என் பேர் சேகர். (நாங்கள் அரை டிராயர் போட்ட காலத்திலும் இப்படித்தான் கூப்பிட்டார். அப்போது அந்த வரிசையில் எங்கள் பசுமாட்டின் பேரும் உண்டு. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.) அப்புறம், மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, டேங்க் வழிந்து, தெருவில் தண்ணீர் ஓடியது. இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய் கேட்டைத் தட்டினேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "யாருபா நீ, இன்னா வோணும்?" என்று கேட்டார். பெத்த பிள்ளையை.

அன்றைக்குத்தான் நான் மீசையை எடுத்துவிட்டு முதல் தடவையாகத் தலைக்கு மை அடித்துக்கொண்டு போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் என்னிடம் பிஸ்கட் தின்ற தெருநாய் அன்று என்னைக் கடிக்க வந்தது. நாய்க்கு மறதி என்று நான் நினைக்கவில்லை. அம்மாவுக்கு என்று நினைத்தேன்.

என் நிலைமை அந்தச் சமயத்தில் என்ன தெரியுமா? கம்பெனியில் புது மெஷின் வந்திருந்தது. அதைப் பழகிக்கொள்ளாத சூப்பர்வைசர் எல்லாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பேச்சு அடிபட்டது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. வண்டிச் சாவியை பிரிட்ஜில் வைத்தேன். காய்கறிக் கடைக்கு ஸ்கூட்டரில் போய்விட்டு நடந்து வந்தேன். மறுநாள் காலை வண்டியைக் காணோம் என்று பிளாட் முழுக்க எழுப்பிவிட்டேன். வாட்ச்மேனைத் திருடன் என்றே சொல்லிவிட்டேன். வண்டி கடை வாசலில் கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவில் நின்றது. இதற்கெல்லாம் நான் வைத்த பேர் வேலைப்பளு. நான் மறந்தால் வேலைப்பளு, அம்மா மறந்தால் வியாதி.

இந்த நேரத்தில்தான் ஸ்டோர்ஸ் தேவராஜ் உள்ளே வருகிறான். கம்பெனியில் நட்டு, போல்ட்டு எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. வெளியில் மூலிகை வியாபாரம். கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் அம்மா கதையைக் கேட்டு, நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

"மாமே, மூளையும் ஒரு மெஷின்தான். வயசாயிட்ச்சுன்னா ஆயில் மாத்தணும். டென்ஷன் இருக்குது பாரு, அது துரு. மூளைய அரிச்சிகினே போவும்."

பிரஸ் ஷாப்காரனிடம் துரு என்று சொன்னால் எப்படி? அடுத்த நாளே ரெண்டு சரக்கு வாங்கிவிட்டேன். ஒன்று பழுப்பு பாட்டிலில் சொட்டு மருந்து. வல்லாரையும் நீர்ப்பிரமியும் சேர்த்த எக்ஸ்ட்ராக்ட். ஞாபகத்துக்கு. இன்னொன்று டப்பாவில் அமுக்கராக் கிழங்குப் பொடி. டென்ஷன் குறைந்து தூக்கம் வர, ராத்திரி பாலில் கலந்து குடிக்க வேண்டியது. சொட்டு மருந்தின் வாசனை மழையில் நனைந்த கோணிச் சாக்கு மாதிரி இருந்தது. வாசனை மோசமாக இருந்ததால் நல்ல மருந்து என்று நம்பினேன். (நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இந்த நம்பிக்கை உண்டு.)

ரெண்டையும் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னாது இது என்றார். எக்ஸ்ட்ராக்ட் என்றேன். "எக்ஸ்ட்ராவா? இருக்கறதே போதும், எக்ஸ்ட்ரா எதுக்கு" என்றார். அன்று முதல் அந்த மருந்துக்கு எங்கள் வீட்டில் எக்ஸ்ட்ரா என்றே பேர். வல்லாரைதானே, துணி துவைக்கிற கல் பக்கத்தில் தானாக முளைத்துக் கிடக்கிறதே, பிடுங்கித் துவையல் அரைத்தால் ஆகாதா என்றும் கேட்டார். நான் கத்தினேன். அது வெறும் கீரை, இது சத்தை மட்டும் பிழிந்தெடுத்தது என்று ஒரு பிரசங்கம் செய்தேன். தேவராஜ் என்னிடம் செய்த அதே பிரசங்கம். ஒரு வரிகூட மறக்காமல் சொன்னேன். அந்த ஞாபகம் மட்டும் நன்றாக இருந்தது.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் இல்லையா? தினம் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்கு போன் போட்டேன். இன்னிக்கு என்ன கிழமை, என்ன தேதி, நேற்று என்ன குழம்பு, பக்கத்து வீட்டுப் பேரன் பேர் என்ன. அம்மா பதில் சொல்வார், கூடவே என்னைத் திட்டுவார். போகப் போகத் திட்டுவது குறைந்தது. பதில் மெதுவாக வந்தது. சில நாள் தேதியை மாற்றிச் சொன்னார். பார்த்தாயா, நோய் முற்றுகிறது என்று லதாவிடம் சொன்னேன்.

லதா அப்போதே சொன்னாள். அம்மா என் போனுக்குப் பயந்து விடியற்காலையே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், பங்கஜம் அக்காவைக் கூப்பிட்டுத் தேதி கேட்டு மனப்பாடம் செய்கிறார், இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை என்று. நான் காதில் வாங்கவில்லை. அந்தச் சாப்பிடாததையும் வியாதிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கரையான்சாவடி மண்டபத்தில் முதியவர்களுக்கு ஞாபகசக்திப் பரிசோதனை முகாம், இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் நேராக அம்மாவிடம் போய் நின்றேன். டாக்டர் மறதி என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே வீட்டைப் பூட்டிவிட்டு அம்பத்தூர் வர வேண்டும். மறுபேச்சு கூடாது.

அம்மா இடுப்பில் சொருகியிருந்த சாவிக் கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பாஸ் பண்ட்டேன்னா?"

"பாஸ் பண்ணிட்டா இங்கயே இரு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீயி? வாயத் தொறக்க மாட்ட?" என்றார். அப்புறம், "செரி. வர்றேன்" என்றார்.

முகாம் ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் சாயங்காலம் வீட்டில் நான் பேசிய பேச்சுக்கு அளவில்லை. அம்மாவுக்கு எந்த அறை, கட்டில் எந்தப் பக்கம், பாத்ரூமில் கைப்பிடி எங்கே என்று கத்திக்கொண்டே இருந்தேன். லதா ஒரு பெரிய டம்ளர் பாதாம் பால் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்ச நாளாகவே தினமும் இந்தப் பாதாம் பால் கொடுத்து வந்தாள். அன்று ரொம்பக் கெட்டியாக இருந்தது. எனக்குப் பத்து நாளாகத் தூக்கம் நன்றாக வந்துகொண்டிருந்தது. என் மனக்கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கனகாம்பரம் வைத்த பங்கஜம் அக்காவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மண்டபத்தில் முந்தின நாள் கல்யாண வாழைமரம் இன்னும் வாசலில் கட்டியிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி பாரிவாக்கம் உட்கார்ந்திருந்தது. அம்மா முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கிட்டே போய்க் கேட்டேன். தேதியையும் கிழமையையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குக் கொட்டாவி வந்தது.

டாக்டர் சின்னப் பெண். ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு, வரிசையில் இருந்த கிழவிகள் எல்லோரையும் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மேசைக்கு எதிரே அம்மா, பக்கத்தில் நான், எனக்குப் பின்னால் லதா. எங்கள் முறைக்குப் பின்னால் காத்திருந்த பெண்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பேசுவது அத்தனையும் எல்லோருக்கும் கேட்கும்.

பேர், ஊர், தேதி. அம்மா தேதியோடு திதியும் சேர்த்துச் சொன்னார். டாக்டர் சிரித்தது. அடுத்து, "மூணு வார்த்தை சொல்றேன்மா, ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில கேப்பேன்" என்றது. அந்த மண்டப நாற்காலி, மேலே ஃபேன், முந்தின நாள் பாதாம் பால். என் கண் ஒரு நொடி மூடியது. (இங்கதான் லதா நான் விழுந்தேன்னு சொல்றா. சாய்ஞ்சேன்.) குடை என்று கேட்டது. வாழைப்பழம் என்று கேட்டது. அப்புறம் லதா என் முதுகில் குத்தியதுதான் தெரியும்.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

அம்மா குனிந்துகொண்டார்.

"அவர் பேர் ஞாபகம் இருக்காம்மா? மெதுவாச் சொல்லுங்க."

அம்மா புடவை முந்தானையைச் சுருட்டினார், பிரித்தார். டாக்டர் பேப்பரில் ஏதோ எழுதியது. நான் மேசைப் பக்கம் சாய்ந்து, பிரஸ் ஷாப் குரலில், நான் சொன்னேனே டாக்டர், கட்டின புருஷன் பேரே போச்சு என்றேன்.

டாக்டர் என்னைக் கையமர்த்திவிட்டு, இருபதிலிருந்து பின்பக்கமாக எண்ணச் சொன்னது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இது தெரிந்த சங்கதி என்கிற மாதிரி. இருபது, பத்தொம்பது, பதினெட்டு, பதினேழு, பதினஞ்சு, பதினாலு என்று கடகடவென்று இறங்கினார். நான் விரல் விட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று விட்டுப்போச்சு. பத்து, ஒம்பது, எட்டு, ஏழு, அஞ்சு, நாலு.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ரெண்டு இடத்தில் விட்டார், பதினேழுக்கு அடுத்தது பதினஞ்சு, ஏழுக்கு அடுத்தது அஞ்சு, எழுதிக்கோங்க டாக்டர் என்றேன். அதோடு நிறுத்தினேனா? மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி, இந்த நிலைமையில் தனியாக எப்படி விடுவது, இன்றைக்கே அழைத்துக்கொண்டு போகிறேன், நீங்கள் எல்லாம் சாட்சி என்றும் சொன்னேன். ஜெயித்துவிட்டேன் என்கிற சந்தோஷம்கூடக் கொஞ்சம் இருந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அம்மா இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு அவருடையது. அந்த வார்த்தை அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

முதலில் சிரித்தது லதாதான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பின்னால் இருந்த வரிசை முழுக்கச் சிரித்தது. நான் லதாவை முறைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏங்க, உங்கப்பா பேரு இன்னா?"

என்ன கேள்வி இது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பங்கஜம் அக்கா கனகாம்பரத்தைச் சரி செய்துகொண்டு மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா டாக்டரு, அவ ஊட்டுக்காரரு பேரு ஆறுமுகம். நான் சொல்லலாம், எனக்கின்னா. அவ எப்டி சொல்லுவா? பேருல கீற நம்பரையும் சொல்ல மாட்டா. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து சொன்னதில்ல."

பின்வரிசையில் இன்னொரு பெண் எழுந்து, தன் வீட்டுக்காரர் பேர் வேலு, அதனால் வேலைக்குப் போறேன் என்று சொன்னதே இல்லை, டூட்டிக்குப் போறேன் என்றுதான் சொல்வேன் என்று தகவல் கொடுத்தார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். புருஷன் பேர் தங்கராசு என்பதால் நகைக்கடையில் "மஞ்ச நக" கேட்கிறவர் ஒருத்தர்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. அம்மா காபி ஆறிப்போச்சு என்று சொல்ல மாட்டார், சூடு எறங்கிப்போச்சு என்பார். பால்காரரிடம் அஞ்சும் ஒண்ணும் பாக்கெட் கேட்பார். அவருடைய மொபைல் நம்பரில் அந்த எண் ரெண்டு இடத்தில் வரும், அதனால் அந்த நம்பர் ஊரில் ஒருத்தரிடமும் சரியாக இல்லை. இதெல்லாம் போகட்டும். நான் மூன்றாவது படிக்கும்போது ரெண்டு மூணு எவ்வளவு என்று வாத்தியார் கேட்டார். எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது அம்மா. "அர டஜன் சார்" என்றேன். திமிரா என்று கேட்டு முட்டியில் அடித்தார். அப்படி அடி வாங்கியவன், அதே விஷயத்தை வைத்து அம்மாவுக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்ட மண்டபத்துக்கு இழுத்து வந்திருக்கிறேன்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டது. எழுதியதை அடித்தது. "அம்மா, அஞ்சும் ஒண்ணும் எவ்வளவு?" என்று கேட்டது.

"டஜன்ல பாதி" என்றார் அம்மா.

"சரி. அந்த மூணு வார்த்தை?" என்று கேட்ட டாக்டர், அம்மா வாயைத் திறக்கும் முன் என் பக்கம் திரும்பியது. "சார், நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க. நீங்க முதல்ல சொல்லுங்க."

குடை என்றேன். வாழைப்பழம் என்றேன். மூன்றாவது வரவில்லை. மேலே பார்த்தேன், ஃபேன் என்றேன். டாக்டர் தலையாட்டியது. நாற்காலி என்றேன். கண்ணில் பட்ட சாமானை எல்லாம் சொன்னேன். பின்வரிசையில் யாரோ, ஐயோ பாவம் என்றார்கள்.

அம்மா எழுந்தார். மேசையைச் சுற்றிப் போனார். டாக்டர் காதில் கையை மறைத்து வைத்துக்கொண்டு மூன்றையும் சொன்னார். டாக்டர் சரி என்றது. அம்மா திரும்பி வந்து சாவிக் கொத்தை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

என்னை அதே நாற்காலியில் உட்காரவைத்து டாக்டர் பிரஷர் பார்த்தது. பார்த்ததும் டாக்டர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தூக்கம் எப்படி, வேலை எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டது. ஒன்றும் இல்லை என்றேன். லதா மெதுவாக, அவருக்குத் தெரியாது டாக்டர், அமுக்கராப் பொடி கொடுக்கிறோம் என்றாள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பொடி டப்பாவை, "மறதி அவனுக்குத்தாண்டி, கத்திரிக்கா கடையில வண்டிய உட்டுட்டு வரான், இத அவனுக்குக் குடு" என்று சொல்லி அம்மா லதாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டிருக்கிறார். பாதாம் பால் என்று நான் குடித்தது எல்லாம் அதுதான். முந்தின நாள் நான் கத்திய கத்தலில் லதா ரெண்டு மடங்காகப் போட்டுவிட்டாள். அந்தச் சொட்டு மருந்தை அம்மா ஒரு சொட்டும் குடிக்கவில்லை. தினமும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றியிருக்கிறார். (அந்தச் செடிக்கு இப்போ நல்ல ஞாபகசக்தி இருக்கும்.)

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் வைத்துத் திட்டியது. செடிக்கு ஊற்றியதே நல்லது, அம்மா மாதிரி பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்குக் கேட்காமல் இப்படி எதையாவது கொடுப்பீர்களா, சொல்லாமல் பாலில் கலப்பது அதைவிடத் தப்பு என்று லதாவுக்கும் விழுந்தது. வல்லாரையைக் கீரையாகச் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள் என்றும் கேட்டது. அப்புறம் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னது:

"அம்மாவுக்கு மறதி இல்ல சார். பயம். தினம் காலைல எனக்கு ஒருத்தர் போன் பண்ணிப் பரீட்சை வெச்சா என் பேரே எனக்கு மறந்துடும். வயசானவங்களுக்கு ஓயாம பயமும் கவலையும் இருந்தா, தெரிஞ்சதும் சமயத்துக்கு வராது. உங்களுக்கும் அதேதான். நீங்க ரெண்டு பேரும் தூங்குங்க. நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

மெதுவாகச் சரி என்றேன். கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்க என்றது டாக்டர். மண்டபம் மறுபடி சிரித்தது.

திரும்பும்போது ஆட்டோவில் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். பாரிவாக்கம் திருப்பத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. வீடே போகிற நேரத்தில் ஒரு தடவை சொல்லித் தொலைத்தால் என்ன என்று அம்மாவைக் கேட்டேன். என் அளவுக்கு மெதுவாகத்தான் கேட்டேன்.

"பேரு சொல்லிக் கூப்ட்டா அந்தாளு திரும்பிப் பாப்பாருடா. செத்தும் என்னாத்துக்கு அவருக்குத் தொந்தரவு. உயிரோட இருந்தப்பவே உன் சத்தத்துல ஒருநாள் தூங்கனதில்ல."

பங்கஜம் அக்கா, அது வாஸ்தவம் என்றார்.

காலை போனை நிறுத்தினேன். அம்மா மறுபடி சாப்பிட ஆரம்பித்தார், என்னைத் திட்டவும் ஆரம்பித்தார். புது மெஷினைப் பழகிக்கொண்டேன், அதற்கு என்னைவிட முப்பது வயது சின்னவனிடம் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது, நின்றேன். தேவராஜ் இப்போது முழங்கால் வலிக்கு ஒரு எண்ணெய் விற்கிறான். என்னிடம் மட்டும் வருவதில்லை.

இந்தக் கதை பாரிவாக்கத்தில் நிற்கவில்லை. மாங்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், முன்பின் தெரியாத ஆள் ஒருத்தன் பந்தியில் பரிமாறிக்கொண்டே, "அண்ணாத்தே, மூணாவது இன்னா?" என்று கேட்டுவிட்டு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போகிறான். அன்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த மூன்றாவது வார்த்தை தெரியும். லதாவுக்குத் தெரியும். பங்கஜம் அக்காவின் பேரனுக்குக்கூடச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று அம்மா உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை போய் கேட்டைத் தட்டினால் உள்ளேயிருந்து யாரு என்பார். சேகரு என்பேன். மூணாவது இன்னாடா என்பார். நான் ஒன்று சொல்வேன். தப்பு என்று சத்தம் வரும். அப்புறம்தான் தாழ்ப்பாள் திறக்கும். போன வாரம் எனக்கு நல்ல நம்பிக்கை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்து, "கடிகாரம்" என்றேன்.

உள்ளேயிருந்து அம்மா, "டேய் நைனா, போன வாரமும் இதத்தாண்டா சொன்ன. வண்டிய இங்கயே உட்டுட்டு மருவாதியா பஸ் புடிச்சி வூட்டுக்குப் போயி பால் குடிச்சிட்டுத் தூங்கு" என்றார். பின்கட்டிலிருந்து பங்கஜம் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.